ஓர் என்ஜினைச் சுற்றி எத்தனை பேர்?

அரசு ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. அப்படி ஓர் ஐ.டி.ஐ. விழுப்புரத்தில் இருக்கிறது, இன்னொன்று திண்டிவனத்தில். இரண்டு ஊருக்கும் நடுவே ரயில் பாதையில் 37 கிலோமீட்டர். விண்ணப்பத்துக்கு 50 ரூபாய். இதற்கு மேல் கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். உட்கார்ந்து எழுதிப் பார்த்தால், அந்த இலவசப் படிப்பு ஒரு வீட்டுக்கு வருடத்தில் ஏறத்தாழ அறுபதாயிரம் ரூபாய் பிடிக்கிறது.

பையன் பிளஸ் டூ முடித்துப் பதினெட்டு நிறைந்தவன் என்று வைத்துக்கொள்வோம். ஐ.டி.ஐ.க்குப் போகாவிட்டால் ஏதாவது கூலி வேலைக்குப் போவான். கூலிக்கு ஓர் அளவுகோல் வேண்டுமே? நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். நடவிலும் அறுப்பிலும் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஆனாலும் அடிமட்டக் கணக்காக இதையே எடுத்துக்கொள்கிறேன். வகுப்பு நடக்கும் நாள் ஆண்டுக்கு 240 என்பது என் அனுமானம்.

கைவிட்ட கூலி: 240 நாள் × 336 = 80,640 ரூபாய் செலவு.
மாத உதவித்தொகை: 12 × 750 = 9,000 ரூபாய் வரவு.
தமிழ்ப் புதல்வன்: 12 × 1,000 = 12,000 ரூபாய் வரவு.
வீட்டின் மேல் விழும் பாக்கி: 59,640 ரூபாய்.

தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கிய திட்டம். அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு. பெண்களுக்கு அதே ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் 5-லிருந்தே வருகிறது. ஐ.டி.ஐ.யில் சேர ஆண்களுக்கு வயது வரம்பு 40; பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. டிராக்டர் பட்டறையில் பெண்ணா என்று சிரிப்பவர்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்கலாம்.

பேருந்துக் கணக்கை நான் இதில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அரசு ஐ.டி.ஐ. மாணவருக்குப் பயண அட்டை இலவசம். அந்த அட்டையின் மதிப்பு என்ன? 2018-ல் கட்டணம் திருத்தியபோது வெளியூர் சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா என்று வைத்தார்கள். விழுப்புரம் வீட்டுப் பையன் திண்டிவனத்துக்குப் போய்ப் படிப்பதானால் சாலை வழி சுமார் 40 கிலோமீட்டர். ஒரு பயணத்துக்கு 23 ரூபாய், போய் வர 46. 240 நாளுக்கு 11,040 ரூபாய். உதவித்தொகையாகக் கையில் வரும் 9,000-ஐவிட, பையில் கிடக்கும் அட்டை பெரிய காசு. சைக்கிள், சீருடை, காலணி, பாடநூல் எல்லாம் இதற்கு மேல்.

ஆக, 59,640 ரூபாய் கொடுத்து இந்த வீடு எதை வாங்குகிறது?

மணிநேரத்தை. 2022-ல் திருத்திய பாடத்திட்டப்படி டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு மொத்தம் 1,200 மணி. அதில் செய்முறை 840, பாடம் 240, வேலைத்திறன் வகுப்பு 120. முன்பு இதே ஓராண்டு 1,600 மணியாக இருந்தது. வெட்டிய 400 மணிக்கு ஈடாக, வெளியே ஒரு பட்டறையிலோ நிறுவனத்திலோ 150 மணி நேரடி வேலைப் பயிற்சி கட்டாயம் என்று சேர்த்தார்கள். 59,640-ஐ 840-ஆல் வகுத்தால் செய்முறை மணிக்கு 71 ரூபாய். மலிவாகத்தான் தெரியும்.

ஆனால் 840 மணியும் ஒரே பையன் கையில் ஸ்பேனர் இருக்கும் நேரம் ஆகாது. ஒரு வகுப்புக்கு 24 பேர். பட்டறையில் நாலு என்ஜின் ஓடுகிற நிலையில் இருந்தால் ஓர் என்ஜினுக்கு ஆறு பேர். ஒருவன் கழற்றுவான், ஐந்து பேர் பார்ப்பார்கள். முறை வைத்துச் செய்தாலும் ஒருவன் கைக்கு வருவது 840-ல் ஆறில் ஒரு பங்கு, 140 மணி. இதுவும் மேல்வரம்புதான். முதல் சில வாரம் அரம் பிடிப்பது, வெர்னியர், மைக்ரோமீட்டர் பார்ப்பது என்று போய்விடும். அதைக் குறை சொல்லவில்லை, அளவு தெரியாத மெக்கானிக்கிடம் லைனரைக் கொடுக்கக் கூடாது.

பாக்கித் தொகையை இந்தக் கை மணியால் வகுத்தால் நிஜ விலை தெரியும். நாலு என்ஜின் உள்ள இடத்தில் ஒரு கை மணி 426 ரூபாய். இரண்டே என்ஜின் என்றால் பன்னிரண்டு பேருக்கு ஒன்று, ஆளுக்கு 70 மணி, மணிக்கு 852 ரூபாய். எட்டு என்ஜின் ஓடுகிற இடமானால் 280 மணி, மணிக்கு 213 ரூபாய்.

ஒப்பிட ஓர் எண் சொல்கிறேன். வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிக்கு டிராக்டரை வாடகைக்குக் கொடுக்கிறது. மணிக்கு 500 ரூபாய், ஓட்டுநரோடு, டீசலோடு. இரண்டு என்ஜின் பட்டறையில் "இலவசமாக"ப் படிப்பவன், டிராக்டர் வாடகையைவிடக் கூடுதல் விலை கொடுத்து என்ஜினைத் தொடுகிறான்.

தனியார் ஐ.டி.ஐ.யை இதே தராசில் நிறுத்துவோம். கட்டணம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கூடக் குறைய இருக்கும், நீங்கள் கேட்ட தொகையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். உதவித்தொகை, பயண அட்டை எதுவுமே இல்லை என்று கடுமையாகவே கணக்கிடுவோம். கைவிட்ட கூலி 80,640, கட்டணம் 20,000, பேருந்து 11,040, ஆக மொத்தம் 1,11,680. அங்கே எட்டு என்ஜின் ஓடினால் கை மணி 399 ரூபாய். நாலு என்ஜின் உள்ள இலவசப் படிப்பைவிட மலிவு! அதே தனியாரில் இரண்டு என்ஜின் மட்டும் இருந்தால் மணிக்கு 1,595 ரூபாய். கட்டணத்தை மட்டும் பார்த்துப் பள்ளி தேடுகிறவர்கள் இந்தக் கணக்கின் சின்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு பெரிய எண்ணை விட்டுவிடுகிறார்கள்.

என்ஜின் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். நடுவில் அறுத்து, உள்ளே சிவப்பும் மஞ்சளும் அடித்து, மேசைமேல் நிறுத்திய என்ஜினும் என்ஜின்தான். பாடம் நடத்த அது நல்லது. அதற்கு டீசல் ஊற்ற முடியாது. அதனால் நான் கேட்கச் சொல்கிற கேள்வி வேறு: வருடத்துக்கு எத்தனை லிட்டர் டீசல் வாங்குகிறீர்கள்?

சென்னையில் 2024 மார்ச்சுக்குப் பிறகு டீசல் லிட்டர் 92 ரூபாய்ச் சொச்சம். நாற்பது எச்.பி. அளவுள்ள என்ஜினை ஏற்றி இறக்கிச் சோதித்தால் மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று கணக்கு வைக்கலாம். நாலு என்ஜினை நாளுக்கு ஒரு மணி, 200 நாள் ஓடவிட்டால் 1,200 லிட்டர். 92 ரூபாய் வீதம் 1,10,400 ரூபாய். மாணவனுக்குப் பிரித்தால் தலைக்கு 4,600. பெரிய தொகைதான், ஆனால் வாங்கியிருந்தால் அதற்குப் பில் இருக்கும். பதிவேட்டில் 50 லிட்டர் என்று மட்டும் இருந்தால், 33 மணி நேரம் ஏதோ ஓர் என்ஜின் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். மீதி நேரம் படம் வரைந்திருப்பார்கள்.

இனி, எந்த டிரேடு, அதாவது எந்தத் தொழிற்பிரிவு. விண்ணப்பத்தில் மூன்று பெயர் ஒன்றுபோலத் தெரியும். மெக்கானிக் டீசல், ஓராண்டு. மெக்கானிக் டிராக்டர், ஓராண்டு. வேளாண் இயந்திர மெக்கானிக், இரண்டாண்டு. மூன்றுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். டீசல் டிரேடு என்ஜினோடு நிற்கிறது: ஹெட், லைனர், பிஸ்டன், ரிங், பம்ப், நாசில், கூலிங், ஸ்டார்ட்டர். டிராக்டர் டிரேடு என்ஜினுக்குப் பின்னாலும் போகிறது: கிளட்ச், கியர், ஹைட்ராலிக் லிப்ட், நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் பி.டி.ஓ. தண்டு.

விவசாயி பட்டறைக்கு எதைக் கொண்டுவருகிறான் என்று யோசித்தால் விடை சுலபம். சேடை ஓட்டும்போது ரோட்டவேட்டர் மாட்டிய லிப்ட் தூக்கவில்லை, கிளட்ச் நழுவுகிறது, ஏர் பிடித்து வண்டி நின்றுவிட்டது. மூன்றில் முதல் இரண்டும் என்ஜினுக்குப் பின்னால் நடக்கிற வேலை. ஒரு கிளட்ச் பிளேட் மாற்ற டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரித்து, முன்பாதிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். அதை ஒரு தடவைகூடச் செய்து பார்க்காமல் சான்றிதழ் வாங்குகிறவனை எந்தப் பட்டறையும் முதல் ஆறு மாதம் டீ வாங்கத்தான் அனுப்பும்.

ஒரு காலத்தில் டீசல் டிரேடே விவசாயத்துக்குப் போதுமாக இருந்தது. தென்னார்க்காடு கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் ஓடிய காலம் அது. ஒரு பக்கம் நெல், கரும்பு, இன்னொரு பக்கம் மல்லாட்டை. சிறு விவசாயிக்கு 1984-லும், எல்லா விவசாயிக்கும் 1990-லும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. கிணற்றில் மோட்டார் இறங்கியது. டீசல் மெக்கானிக்கின் வேலை கிணற்று மேட்டை விட்டு டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் அறுவடை மிஷினுக்கும் நகர்ந்துவிட்டது.

இரண்டாண்டு டிரேடில் கைவிட்ட கூலி இரட்டிப்பு. பாக்கி 1,19,280 ரூபாய். அதற்கு ஈடாக 1,680 மணி செய்முறையும் 300 மணி வெளிப் பயிற்சியும் கிடைக்கின்றன. அதைவிடப் பெரியது காகிதக் கணக்கு. பத்தாவதோடு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மொழிப்பாடத் தேர்வு எழுதினால் பிளஸ் டூ-வுக்கு இணைச் சான்றும் வாங்கலாம். பத்தாவதோடு நின்ற பையனுக்கு நான் இரண்டாண்டைத்தான் சொல்வேன். ஏற்கெனவே பிளஸ் டூ கையில் இருக்கிறவனுக்கு அந்த இரண்டாம் வருடம் அவ்வளவு தேவையில்லை. டிராக்டர் டிரேடு ஓராண்டு போதும்.

டிரேடுக்கு அடுத்து, பள்ளியில் என்ன டீசல் பம்ப் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய ஆட்கள் அதை இன்னும் "மைகோ பம்ப்" என்றுதான் சொல்கிறார்கள். 1951-ல் தொடங்கிய மைகோ நிறுவனத்தின் பெயர் பாஷ் ஆகிப் பல வருடம் ஆகிவிட்டது. பம்பின் பெயர் மாறவில்லை. அந்தப் பம்பில் நாசில் திறக்கிற அழுத்தம் சுமார் 200 பார். காமன் ரெயில் என்ஜினில் 1,600 பார் வரையும் அதற்கு மேலும் போகும். 2023 ஜனவரி 1 முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு டிரெம் 4 புகை விதி வந்தது. அதோடு காமன் ரெயிலும் சென்சாரும் கம்ப்யூட்டரும் வயலுக்கு வந்துவிட்டன. பழைய பழக்கத்தில் பைப் நட்டைத் தளர்த்தி விரலால் டீசல் வருகிறதா என்று பார்ப்பவன் கையில் ஓட்டை விழும். சிறு, நடுத்தர விவசாயி வைத்திருக்கும் 35, 40, 45 எச்.பி. வண்டிகள் இன்னும் இயந்திரப் பம்பில்தான் ஓடுகின்றன. அதனால் பள்ளியில் முதலில் இயந்திரப் பம்பைத் தேடுங்கள். கூடவே ஒரு ஸ்கேனரும் காமன் ரெயில் மாதிரியும் இருந்தால் அது கூடுதல் மதிப்பெண்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்தார்கள். பளபளக்கும் கட்டடம், ரோபோ, சி.என்.சி. இயந்திரம், மின்வாகனப் பாடம். நல்ல காரியம். ஆனால் புதுக் கட்டடத்தில் ரோபோ இருப்பதால் பழைய பட்டறையில் டிராக்டர் ஓடுகிறது என்று ஆகிவிடாது. கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

ஒரு மெக்கானிக்குக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு விழுப்புரம் மாவட்டமே ஒரு கேள்வித்தாள் கொடுத்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. இப்படி ஒரு வெள்ளத்தில் நின்ற டிராக்டரை மறுநாள் காலை சாவி போட்டுத் திருப்பிப் பார்க்கத்தான் கை போகும். டீசல் என்ஜின் காற்றைப் பதினேழு பங்கில் ஒரு பங்காக அமுக்குகிறது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். ஒரே ஒரு திருப்பலில் முழு என்ஜினையும் இறக்குகிற வேலை வந்து சேரும்.

தெரிந்தவன் முதலில் பேட்டரியைக் கழற்றுவான். ஏர் கிளீனரைத் திறப்பான். நாசில்களைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவான். எண்ணெய் முழுதையும் வடித்து, டேங்கின் அடியில் தங்கிய தண்ணீரையும் வடித்து, ஃபில்டர் மாற்றி, புது எண்ணெய் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, அந்த எண்ணெயையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுவான். ஏழெட்டு லிட்டர் வீதம் இரண்டு முறை, ஆக பதினைந்து லிட்டர். கியர், ஹைட்ராலிக் பக்கம் தண்ணீர் போயிருந்தால் அங்கே தனியாக முப்பது லிட்டருக்கு மேல். அந்த எண்ணெய்ச் செலவைப் பார்த்து விவசாயி மலைப்பான். வளைந்த ராடோடு ஒப்பிட்டால் அது சில்லறை. வெள்ளத்தில் நின்ற டிராக்டரை என்ன செய்வீர்கள் என்று உங்கள் பள்ளியின் பயிற்சி அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வருகிற வேகத்திலேயே அவர் வயல் வண்டியைத் தொட்டவரா என்று தெரிந்துவிடும்.

சான்றிதழ் விஷயத்தில் சுருக்கமாக: தேசியத் தொழிற்சான்றிதழ் தருகிற டிரேடா, அந்தக் குறிப்பிட்ட டிரேடுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கு அங்கீகாரம் இருந்து டிரேடுக்கு இல்லாமல் போவது உண்டு. தேர்வில் செய்முறைக்கு 60 சதவீதம், எழுத்துத் தேர்வுக்கு 33 சதவீதம் எடுக்க வேண்டும்.

சான்றிதழுக்குப் பிறகு ஓராண்டு அப்ரண்டிஸ். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2019-ல் திருத்திய விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய், ஆண்டுக்கு 84,000. நாம் கைவிட்ட கூலியான 80,640-ஐ இது தொட்டுவிட்டது. கொஞ்சம் நேர்மையாகச் சொன்னால், இங்கே வேலை நாள் 300 வரை வரும். நாளுக்கு 280 ரூபாய்தான், நூறு நாள் கூலியைவிடக் குறைவு. ஆனால் இந்த ஒரு வருடத்தில் ஓர் என்ஜினைச் சுற்றி ஆறு பேர் நிற்பதில்லை. டீலர் பட்டறையில் ஒரு வண்டிக்கு ஒரு மெக்கானிக்கும் ஒரு கையாளும்தான்; கையில் ஸ்பேனர் இருக்கும் நேரம் ஆயிரம் மணியைத் தாண்டும்.

ஐ.டி.ஐ.க்கே போகாமல் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர்கள்தான் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பாதி டிராக்டர்களை ஓட வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. என்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த நாசில் அடிக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். காகிதம் மட்டும் கிடையாது. அவர்களுக்கும் வழி இருக்கிறது: 21 வயது நிறைந்து, தொழிலில் மூன்றாண்டு அனுபவம் இருந்தால் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழில்தேர்வு எழுதலாம். அவர்களுக்குச் செய்முறையின் 60 சதவீதம் பெரிதாகத் தெரியாது. பயமுறுத்துவது எழுத்துத் தேர்வின் 33.

விண்ணப்பிக்கிற அலைச்சலில் மறந்துபோகிற இன்னோர் இடம், ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேவில் 1983-ல் தொடங்கிய மத்திய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம். ஆண்டுக் கணக்கில் படிக்கிற இடம் இல்லை. குறுகிய காலப் பயிற்சி. ஐ.டி.ஐ.க்கு மாற்றாக அதை நினைக்க வேண்டாம். ஐ.டி.ஐ. முடித்தவன் அறுவடை மிஷினைப் பிரித்துப் பார்க்க விரும்பினால் அந்தத் தூரம் போகலாம்.

வகுப்பு ஆகஸ்டில் தொடங்கும். கட்டாய வெளிப் பயிற்சி 150 மணி, நாளுக்கு எட்டு மணி வைத்தால் 19 நாள். அந்த 19 நாளைத் தை மாதத்தில் கொடுங்கள் என்று பள்ளியில் கேட்டு வாங்குங்கள். சம்பா அறுப்பில் மிஷின்கள் வயலிலேயே படுத்துக்கொள்கிற மாதம் அது. சேருவதற்கு முன் போய்ப் பார்ப்பதானால் வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். உடனே உள்ளே நுழைய வேண்டாம். பட்டறைச் சுவருக்கு வெளியே பத்து நிமிடம் நின்று, எத்தனை என்ஜின் சத்தம் கேட்கிறது என்று எண்ணுங்கள்.